நிறம் போகும் இடம்

எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம் ஒரு தகர டிரம் இருந்தது. தைப்பிங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டம் அது. குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் வரும். மற்றதற்கெல்லாம் ஓடைத் தண்ணீர்தான். சருகும் வேரும் ஊறி இறங்குகிற தண்ணீர் என்பதால் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அப்பா டிரம்மின் அடியில் கூழாங்கல், அதன் மேல் கரி, அதற்கும் மேல் ஆற்று மணல் என்று அடுக்கி, அடியில் ஒரு துளை போட்டு மூங்கில் குழாய் செருகியிருந்தார். மேலே பழுப்பாக ஊற்றினால் கீழே தெளிவாக வரும்.

பாட்டிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "ஊர்ல தேத்தாங்கொட்டய பானையில தேச்சா போதும், தண்ணி கண்ணாடியா நிக்கும். ஒங்கப்பன் கரியப் போட்டு தெளிய வைக்கிறானாம்" என்பார். ஒருமுறை யாரோ ஊருக்குப் போய்த் திரும்பியபோது நாலு தேற்றாங்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். பாட்டி தேய்த்துப் பார்த்தார். மண் எல்லாம் அடியில் தங்கியது. நிறம் மட்டும் அப்படியே நின்றது. பாட்டி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கலங்கல் வேறு, நிறம் வேறு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கலங்கல் என்பது தண்ணீரில் மிதக்கும் துகள். அதைத் திரட்டி அடியில் உட்கார வைக்கலாம், துணியில் வடிக்கலாம். கரைந்துபோன நிறம் அப்படி வடிகட்டியில் நிற்காது. ஒரு பொருள் அதைத் தன் மேல் ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரி செய்வது அந்த வேலை. பிறகு முப்பது ஆண்டுகள் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தபோதுதான் அப்பாவின் டிரம்முக்கு ஒரு வரலாறு உண்டு என்று தெரிந்துகொண்டேன். அந்த வரலாற்றில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல்.

*

கரி நிறத்தை இழுக்கும் என்பதை முதலில் முறையாகக் கவனித்து எழுதியவர் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தாளர். இடம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஆண்டு 1785. டார்டாரிக் அமிலத்தைப் படிகமாக்க முயன்றுகொண்டிருந்தார். கரைசல் ஒவ்வொரு முறையும் பழுப்பேறிப்போனது. அதில் மரக்கரி சேர்ந்தபோது பழுப்பு மறைந்ததைப் பார்த்தார். பிறகு வேறு பல திரவங்களிலும் சோதித்தார். தானியச் சாராயத்தின் கெட்ட வாடையைக் கரி போக்குகிறது என்பதையும் கண்டார். வோட்காவைக் கரியில் வடிக்கும் பழக்கத்துக்கு அடிப்படை அதுதான்.

கரியின் சக்தியைப் பெரிய அளவில் முதலில் பயன்படுத்திக்கொண்டது சர்க்கரைத் தொழில். கரும்புச் சாற்றிலிருந்து கிடைக்கும் கச்சாச் சர்க்கரை பழுப்பு நிறம். ஐரோப்பியச் சந்தைக்கு வேண்டியது வெள்ளை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரக்கரியைப் போட்டுப் பார்த்தார்கள். 1811இல் பிரான்சின் பிகியே, எலும்பை எரித்து எடுக்கும் கரி மரக்கரியைவிட நன்றாக நிறம் நீக்குகிறது என்று காட்டினார். அதன்பின் ஐரோப்பியச் சுத்திகரிப்பு ஆலைகளில் எலும்புக் கரி மலைமலையாகக் குவிந்தது.

அதே 19ஆம் நூற்றாண்டில்தான் செபெராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். ரப்பருக்கு முன்னால் நம்மவர்கள் இங்கே வெட்டியது கரும்பு. வெட்டியவன் பார்த்தது பழுப்புச் சர்க்கரை. கரி அந்தப் பழுப்பைக் குடித்து வெள்ளையாக்கியது எங்கோ தொலைவில். குடித்து முடித்த கரியை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தொழிலில் ஒரு பதில் இருந்தது. சூளையில் மறுபடி சுட்டு, ஒட்டியிருந்ததை எரித்துவிட்டுத் திரும்பவும் பயன்படுத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

*

கரி என்றால் எல்லாம் ஒரே கரி அல்ல. தைப்பிங்கிலிருந்து பக்கம்தான் கோலா செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரங்களை முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, குடிசை போலக் குவிந்த செங்கல் சூளைகளில் அடுக்கி, ஏறக்குறைய ஒரு மாதம் காற்றை அடக்கிச் சுட்டு எடுப்பார்கள். கட்டையைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். சாத்தே சுடுவதற்கு அதைவிட நல்ல கரி கிடையாது. ஆனால் சாய நீரில் போட்டால் கொஞ்சம்தான் இழுக்கும். அதன் உள்ளே இருக்கும் நுண்துளைகள் தார்ப்பொருளால் அடைபட்டுக் கிடக்கின்றன.

அந்தத் துளைகளைத் திறப்பதுதான் கிளர்வூட்டல். கடையில் 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்று எழுதியிருக்குமே, அதுதான் கிளர்வூட்டிய கரி. 1900, 1901 ஆண்டுகளில் ஒஸ்திரெய்கோ என்பவர் இதற்கு இரண்டு வழிகளில் காப்புரிமை பெற்றார். ஒன்று, மரத்தை உலோகக் குளோரைடில் ஊறவைத்துச் சுடுவது. மற்றது, சுட்ட கரியைச் செந்தணல் சூட்டில் வைத்து நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்துவது. நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்துத் தின்றுவிடும். மிஞ்சுவது தேன்கூட்டை ஆயிரம் மடங்கு நுணுக்கினாற்போல ஒரு பொருள். அதில் ஒரு கிராம் எடுத்து அதன் உட்பரப்பையெல்லாம் விரித்தால் 1000 சதுர மீட்டர்கூட வரும். பன்னிரண்டு பூப்பந்து மைதானம் என்று மாணவர்களிடம் சொல்வேன். "பொய் சொல்றீங்க சார்" என்பார்கள்.

என் அப்பா வேலை செய்தது தோட்டத்துப் புகைக்கொட்டகையில். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்க, வெட்டிப்போட்ட கிழட்டுக் கித்தா மரத்தை எரிப்பார்கள். டிரம்முக்கு வேண்டிய கரியை அந்த அடுப்பிலிருந்துதான் எடுப்பார். கனிந்த கட்டையை இழுத்து வெளியே போட்டு வாளித் தண்ணீரை ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அதையும் நீராவிக் கிளர்வூட்டல் என்று சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஆசைதான். ஆனால் அது அதுவல்ல. 800, 900 பாகை சூட்டில் நேரம் எடுத்து ஆவி பாய வேண்டும். அப்பாவுடையது சாதாரணக் கரி. ஆகவேதான் ஒவ்வொரு மாதமும் மாற்ற வேண்டியிருந்தது.

கிளர்வூட்டிய கரியைப் பெரும் தொழிலாக்கியது போர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் இப்ர் போர்முனையில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். நச்சுவாயுவைப் பிடிப்பதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரிபோல வேறில்லை என்று கண்டார்கள். 1918இல் அமெரிக்காவில் பழக்கொட்டைகளையும் சிரட்டைகளையும் வீடு வீடாகச் சேர்த்தார்கள். மரத்தூளின் கதையும் அந்தக் காலத்தை ஒட்டியதுதான். போஹீமியாவின் ஆவுசிக் நகரில் மரத்தூளைத் துத்தநாகக் குளோரைடில் ஊறவைத்துச் சுட்டு, நிறம் நீக்கும் கரி செய்து விற்றார்கள். மரக்கழிவிலிருந்து சாயம் நீக்கும் கரி என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதற்கு நூறு வயது ஆகிவிட்டது.

*

இனி சாயத்தின் பக்கம். செயற்கைச் சாயத்தின் கதை மலேரியாவில் தொடங்குகிறது. 1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை. ஊதாச் சாயம் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1876இல், ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ மெத்திலீன் நீலத்தை உருவாக்கினார். 1891இல் பால் எர்லிக்கும் குட்மனும் அதே சாயத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தைத் தேடிப் போனவனுக்குச் சாயமும், சாயத்தை வைத்திருந்தவர்களுக்கு மருந்தும் கிடைத்த விசித்திரம். கொய்னா இல்லாமல் காய்ச்சலில் செத்த தோட்டத் தொழிலாளிகளின் பேரனான எனக்கு இந்தக் கதை வெறும் விசித்திரமாக மட்டும் தெரிவதில்லை.

மெத்திலீன் நீலம் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியிலும் இருந்தது. உயிரியல் பாடத்தில் செல்லுக்கு நிறமூட்டுவோம். கரியின் தரத்தைச் சோதிப்பதற்கும் உலகம் முழுக்க அதைத்தான் எடுக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு கரி எவ்வளவு மெத்திலீன் நீலத்தைக் குடிக்கிறது என்பதே அதன் மதிப்பெண்.

இந்த நாட்டில் அந்த மதிப்பெண்ணுக்காக நிறைய உழைத்திருக்கிறார்கள். 2007இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பி. எச். ஹமீது குழுவினர், பிரம்புத் தூளிலிருந்து செய்த கரி கிராமுக்கு 294 மில்லிகிராம் மெத்திலீன் நீலத்தைப் பிடித்ததாக எழுதினார்கள். அதே ஆண்டில் மூங்கில் கரிக்கு 454 மில்லிகிராம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. ரப்பர் மரத்தூளை நீராவியால் கிளர்வூட்டிச் சாயத்தைப் பிடிப்பது பற்றியது. அதைப் படித்தபோது எனக்குள் என்னவோ செய்தது. கித்தா மரத்தின் பாலை நாங்கள் எடுத்தோம். மரத்தை யார் எடுத்தார்கள், தூளை யார் எடுத்தார்கள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

*

பால்மரத்துக்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுதான் கணக்கு. பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகு. எங்கள் புகைக்கொட்டகை எரிந்தது அப்படித்தான். மிச்சத்தைத் தோட்டத்திலேயே போட்டுக் கொளுத்துவார்கள். வெட்டிய சில நாளில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும் மரம் என்பதால் தச்சன் தொடமாட்டான். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் அதைப் போரான் உப்பில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தி, கெடாமல் காப்பதற்கு வழி கண்டார்கள். 1980களில் ரப்பர் மரம் ஏற்றுமதித் தளவாடமானது. மூவார் அதற்குப் பேர்போன ஊரானது. மேசை நாற்காலிக்குப் போனது போக, சீவலும் தூளும் மலையாகக் குவிந்தன.

எங்கள் தோட்டத்தில் மரங்கள் விழுந்ததும் அந்தக் காலத்தில்தான். செம்பனை நடப்போவதாகச் சொன்னார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. புகைக்கொட்டகையை இழுத்து மூடினார்கள். லயத்தைக் காலிசெய்யச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மரத்தை ஏற்ற லாரி வந்தது. எங்களை ஏற்றவும் ஒரு லாரி வந்தது. "மரத்துக்காவது வெல பேசுனாங்கடா" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வந்த ஒரே புகார் அது. டிரம்மை லாரியில் ஏற்ற இடமில்லை.

எனவே கழிவுக்கு மதிப்புக் கூட்டுவது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், எது கழிவு என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மரத்தூள் கழிவு என்ற பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. நல்லதுதான்.

*

ஓய்வுபெற்ற பிறகு கோத்தா பாருவில் ஒரு பாத்தேக் பட்டறைக்குப் போனேன். நண்பருக்குத் தெரிந்த குடும்பம். முன்பக்கம் பெண்கள் மெழுகுக் கோட்டுக்குள் தூரிகையால் நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். செம்பருத்தி இதழில் சிவப்பு கரைந்து இளஞ்சிவப்பாகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பின்பக்கம் கால்வாய். "பாகி பிரு, பெத்தாங் மேரா" என்று சிரித்தார் உரிமையாளர். காலையில் நீலம், மாலையில் சிவப்பு. பெரியவர், மரியாதையானவர். கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

அங்கே பயன்படுவது துணி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் வினைச்சாயங்கள். 1956இல் சந்தைக்கு வந்த வகை. தீட்டிய துணியில் சோடியம் சிலிக்கேட் பூசி ஊறவிட்டு, அலசி, மெழுகு போகக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். தீட்டிய சாயம் முழுக்கத் துணியில் பிடிப்பதில்லை. பிடிக்காதது சிலிக்கேட்டோடும் மெழுகோடும் சேர்ந்து கால்வாய்க்குப் போகிறது. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத சாயம் என்பதுதான் அதன் விற்பனைப் பெருமை. ஆற்றிலும் அது அப்படியே அசையாமல் இருக்கிறது. நிறமேறிய நீரில் வெளிச்சம் இறங்காது, பாசி வளராது. சில அசோ சாயங்கள் காற்றில்லாத சேற்றில் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக மாறும்.

சட்டம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வந்த 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் நிறத்துக்கும் வரம்பு வைத்தன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்றால் ஏடிஎம்ஐ அளவில் 100, மற்ற இடங்களில் 200. நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த அளவுகோல் நிலாவில் இருப்பதுபோல.

பெரியவரிடம் கேட்டு இரண்டு போத்தல் கால்வாய் நீர் வாங்கிவந்தேன். மீன்தொட்டிக் கடையில் கிளர்வூட்டிய கரி வாங்கி அரைத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடிக் குடுவையில் மெத்திலீன் நீலம், இன்னொன்றில் பாத்தேக் நீர். இரண்டிலும் ஒரே அளவு கரி. மெத்திலீன் நீலம் நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வெளுத்துவிட்டது. பாத்தேக் நீர் மறுநாள் காலையிலும் ரோஸாகவே இருந்தது. கரியை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போட்ட பிறகுதான் தெளிந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. மெத்திலீன் நீலம் சின்ன மூலக்கூறு, நேர்மின்னேற்றம் உள்ளது. வினைச்சாயம் பருமனானது, எதிர்மின்னேற்றம் உள்ளது. நுண்துளைக்குள் அதனால் எளிதில் நுழைய முடியாது. போதாததற்கு உப்பும் சிலிக்கேட்டும் மெழுகும் கூடவே இருக்கின்றன. 294, 454 என்ற எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை ஆய்வுக்கூட நீலத்தின் எண்கள். கால்வாய் நீலத்துக்கு வேறு எண் வேண்டும். நூறாண்டாகக் கையில் இருக்கும் தொழில்நுட்பம் ஒரு கிராமத்துக் கால்வாய்க்கு வந்து சேராததற்கு, எளிதாகப் பிடிபடும் சாயத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துக்காட்டிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம், சர்க்கரை ஆலைக்காரன் கேட்ட அதே கேள்வி. கரி சாயத்தை அழிப்பதில்லை. ஆற்றிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வயிறு நிறைந்த கரியை என்ன செய்வது? நமது 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிகளில் அதற்கென்று ஓர் எண்ணே இருக்கிறது: எஸ்டபிள்யூ 411, பயன்படுத்தி முடித்த கிளர்வூட்டிய கரி. குடிநீருக்கும் உணவுத் தொழிலுக்கும் பயன்பட்டதற்கு விலக்கு உண்டு. சாயம் குடித்ததற்கு இல்லை. உரிமம் உள்ளவரிடம் காசு கொடுத்துத்தான் ஒப்படைக்க வேண்டும். சர்க்கரை ஆலையிடம் மறுபடி சுட்டெடுக்கச் சூளை இருந்தது. பாத்தேக் பட்டறையிடம் இருப்பது மெழுகு உருக்கும் அடுப்பு. மரத்தூள் இலவசமாகக் கிடைத்தாலும் கரி இலவசமாகாது. ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாகச் செய்ய முடியாத வேலை இது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு சூளை, கரியைக் கொடுக்கவும் திரும்ப வாங்கவும் ஓர் ஏற்பாடு என்று இருந்தால் முடியும். அதற்கு வேண்டியது இன்னொரு மெத்திலீன் நீலக் கட்டுரை அல்ல.

அப்பா மாதம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துப் பழைய கரியை வாழைமரத்தடியில் கொட்டுவார். இலைதழையின் நிறம்தானே, மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போனது. அந்த வாழை நன்றாகத்தான் குலை தள்ளியது.

என் குடுவையின் அடியில் தங்கிய கரியை அப்படிக் கொட்ட மனம் வரவில்லை. குப்பைத்தொட்டியிலும் போட முடியவில்லை. ஒரு மைலோ டின்னில் போட்டு மூடி, மேலே தேதி எழுதி, சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். "இத எத்தன நாளைக்கு வீட்ல வச்சிருக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்கிறார். பார்க்க வெறும் கரிதான். கோத்தா பாருவின் ஒரு நாள் நீலமும் சிவப்பும் அதற்குள்ளே இருக்கிறது.